விழிக்காத செல்கள்

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அடுப்பை அணைத்தேனா, குழாயை மூடினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சை எழுதிவிட்டு வந்தால் தாளில் பெயர் எழுதினேனா என்ற யோசனையில் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிகள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் வராது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஏன் செய்தீர்கள் என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். ஒருநாள் அவகாசம் கேட்டேன். எதையும் மறைப்பதற்காக இல்லை, வரிசை மாறாமல் சொல்ல வேண்டுமே என்பதற்காக. முப்பது வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவளுக்கு, முதலில் நடந்ததை முதலில் சொன்னால்தான் சரிப்படும். உங்கள் பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நல்லது.

என் வேலை என்ன என்று தெரியாவிட்டால் மற்றது விளங்காது. நம் தோலுக்கு அடியில், நுரையீரலில், குடலின் சுவரில் டென்ட்ரிடிக் செல் என்று ஒருவகைச் செல் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் நாலாபக்கமும் கிளை விட்ட செடி மாதிரித் தெரியும். அது யாரையும் கொல்லாது. உடம்புக்குள் ஏதாவது வேண்டாதது நுழைந்தால் அதை விழுங்கி, நறுக்கி, ஒரு துண்டைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு நிணநீர்க் கணுவரைக்கும் போகும். அங்கே டி செல்கள் காத்திருக்கும். அவற்றிடம் அந்தத் துண்டைக் காட்டும். ஆள்காட்டுவதோடு இதன் வேலை முடிந்தது. தேடிப் போய்த் தீர்த்துக்கட்டுவது டி செல்களின் பாடு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டென்ட்ரிடிக் செல் நன்றாக விழித்து, பதறிக்கொண்டு வந்து காட்டினால்தான் டி செல் கிளம்பும். அரைத்தூக்கத்தில் வந்து காட்டினால், 'சரி, இது நம்ம ஆள்தான்' என்று டி செல் விட்டுவிடும். விட்டுவிடுவது மட்டுமில்லை, அப்புறம் அதை எங்கே கண்டாலும் கை வைக்காது. உடம்பு தன்னையே தின்றுவிடாமல் இருப்பதற்கு இப்படி ஓர் ஏற்பாடு. இதைப் பற்றி மாணவர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுத்தவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முப்பத்தொரு வயதில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒருவருடைய இரத்தத்திலிருந்து இந்தச் செல்களை வளர்த்து, அவருடைய புற்றுக்கட்டியின் துண்டுகளை ஊட்டி, நான் வகுத்த முறையில் ஆறு நாள் வைத்தால், அவை முழுசாக விழித்துக்கொண்டன. கண்ணாடித் தட்டில் டி செல்கள் கட்டியின் செல்களைத் துரத்தித் துரத்திக் கொன்றன. அந்த ஒரு கட்டுரை என்னைத் தூக்கி உட்காரவைத்தது. தனி அறை, கதவில் பலகை, எனக்குக் கீழே பதினொரு பேர். அந்த முறைக்கே என் பெயரை வைத்தார்கள்.

அடுத்த வருஷமே அது கைகொடுக்கவில்லை. அதே முறை, அதே கைகள். பாதிச் செல்கள்தான் விழித்தன. அப்புறம் கால்வாசி. அப்புறம் ஏதோ பேருக்கு. விழித்த தட்டுகளைக் கணக்கில் எடுத்தேன். விழிக்காதவற்றைத் தட்டு கெட்டுவிட்டது என்று ஒதுக்கினேன். எந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் தட்டு கெடுவதில்லை? இப்படியே பதினைந்து வருஷம் ஓட்டினேன். 

என்னிடம் ஒரு டெக்னீஷியன் அம்மா இருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சரியாக எட்டு மணிக்குக் கூடத்தின் கதவைத் திறப்பார் என்பதால் அவருக்கு 'எட்டு மணி' என்றே பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவர் உறைபெட்டியைச் சுத்தம் செய்தபோது, அடியில் ஒரு பழைய பாட்டில் கிடைத்திருக்கிறது. என் முதல் கட்டுரைக்குச் செல் வளர்த்த அதே திரவம், அன்று வந்த அதே சரக்கில் மிஞ்சியது. வேலை மெனக்கெட்டு அதைப் பரிசோதித்திருக்கிறார். என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"அந்தப் பாட்டில்ல பாக்டீரியாக் கசடு கலந்திருக்கு மேடம். செல்லு முழிச்சது அதாலதான். நம்ம முறையால இல்ல. மூணு தடவ பார்த்துட்டேன்."

எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்டேன். அதை இப்போது நினைத்தால் எனக்கே ஒருமாதிரி இருக்கிறது.

"என் நோட்டுலதான். நாமளே சொல்லிடலாம் மேடம். தப்பு யாருக்குத்தான் வரல? நாமளா சொன்னா அதுல ஒரு மரியாதை இருக்கு."

அவர் சொன்னது நியாயம். செல்களை விழிக்கவைக்க வேறு முறைகளும் அதற்குள் வந்துவிட்டிருந்தன. மற்றவர்கள் கண்டுபிடித்தவை, ஒழுங்காக வேலை செய்பவை. அவற்றில் ஒன்றுக்கு மாறியிருக்கலாம். மாறினால், ஏன் மாறினீர்கள் என்று ஒருத்தராவது கேட்பாரே. அந்த ஒரு கேள்விதான் எனக்குப் பயம். எட்டு மணியிடம், பார்த்துக்கொள்ளலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். மூன்று வாரம் கழித்து அவரைக் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் பிரிவுக்கு மாற்றினேன். கோப்பில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். இருபது வருஷத்தில் அவர் ஒரு தட்டைக்கூடக் கீழே போட்டதில்லை. கீழ்த்தளக் கதவையும் எட்டு மணிக்கே திறந்தார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து, பக்கத்துக் கட்டடத்து மருத்துவமனையில் என் முறையை நோயாளிகளிடம் போட்டுப் பார்க்க அனுமதி வந்தது. நான் கேட்டுத்தான் வந்தது. கேட்காமல் இருந்தால் ஏன் கேட்கவில்லை என்பார்கள். சிறுநீரகப் புற்று பரவி, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்டவர்கள் பதினேழு பேர். அவர்கள் எப்படியும் போகப்போகிறவர்கள், என் ஊசியால் புதிதாக என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருத்தருக்கும் கட்டி சுருங்கவில்லை. மறுஆய்வுக் குழு வர ஏழு மாதம் இருந்தது. ஒரு நல்ல முடிவாவது காட்டாவிட்டால் சோதனையை நிறுத்துவார்கள். நிறுத்தினால் முறையை அடியிலிருந்து தோண்டுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி வந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா வேலைக்குப் போனதால் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் நான்தான். பதினைந்தாவது மாடியில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவான், பயமென்றால் என்னவென்று கேட்பான். எங்கள் வீட்டுப் பங்குப் பயத்தை மொத்தமாக அக்கா எடுத்துக்கொண்டாள் என்று கேலி செய்வான். என்னைப் பார்த்தால் "என்னக்கா, உன் செல்லுக்கெல்லாம் சார்ஜ் போட்டாச்சா?" என்பான். ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன்.

மோட்டாரைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டதென்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். முதுகில் ஒன்றுமில்லை. இடது சிறுநீரகத்தில் மூன்று சென்டிமீட்டரில் ஒரு கட்டி. படத்தை ஒரு துணிப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு மத்தியான இடைவேளையில் என் அறைக்கு வந்தான்.

"வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுதாம்க்கா. நாலு நாள் படுக்கையாம். சர்ஜன் அடுத்த வாரமே தேதி தர்றேங்கறார். நீ என்ன சொல்ற?"

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விளிம்பு சுத்தமாக இருந்தது. எங்கேயும் பரவவில்லை. இந்த மாதிரிக் கட்டி மெதுவாக வளரும், ஆறு மாதத்தில் அசையாமல்கூட இருக்கும். உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷத்தில் என் கண்ணில் பட்டது தம்பி இல்லை. ஆறு மாதம் அசையாமல் இருக்கப்போகிற ஒரு கட்டி.

அவசரப்பட வேண்டாம் என்றேன். கத்தி படாமலே பார்க்கலாம், என் ஊசியை மாதம் ஒன்றாகப் போடுவோம் என்றேன். "நீ சொன்னா சரிதான்" என்று படத்தைச் சுருட்டிப் பையில் வைத்தான்.

அறுவை செய்ய முடிந்தவர்களை இந்தச் சோதனையில் சேர்க்கக் கூடாது. விண்ணப்பத்தில் அவனுக்கு இதயம் பலவீனம், மயக்க மருந்து தாங்காது என்று எழுதினேன். அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். அவன் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை, எதையும் விரல் வைத்துப் படிக்கிறவள். "அண்ணி, இவருக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியாக வேண்டும், அதற்காகப் போட்டது என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இரத்தம் எடுக்க நாலு மணி நேரம் ஆனது. இரண்டு கையிலும் குழாயோடு படுத்துக்கொண்டு, செவிலியரிடம் அந்த மருத்துவமனை லிஃப்டில் எந்தக் கதவு சரியாக மூடவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவன் கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்து, அவன் செல்களுக்கு ஊட்டி, என் முறையில் ஆறு நாள் வைத்தேன். ஆறாம் நாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தேன். கிளை விட்டிருக்க வேண்டிய செல்கள் வழவழவென்று உருண்டையாகக் கிடந்தன. ஒன்றுகூட விழிக்கவில்லை. அதைத்தான் சிரிஞ்சில் இழுத்தேன்.

மாதா மாதம் பார்த்தேன். மாதா மாதம் அதே உருண்டைகள். மாதா மாதம் போட்டேன்.

ஆறு மாதம் முடிந்து ஸ்கேன் எடுத்தபோது கட்டி மூன்று சென்டிமீட்டரிலேயே இருந்தது. அது தானாக இருந்தது என்று எனக்குத் தெரியும். மறுஆய்வுக் குழு வந்த அன்று அவனையும் வரச்சொல்லியிருந்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்தான். குழுத் தலைவர் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். சோதனை இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. அன்றைக்கே அவனைச் சர்ஜனிடம் அனுப்பியிருக்கலாம். அப்போதும் நாலு நாள் படுக்கையோடு போயிருக்கும். வெட்டி எடுத்துவிட்டால் அவன் சோதனையிலிருந்து விலகியவன் ஆகிவிடுவான். கை தட்டியவர்கள் ஏன் என்று கேட்பார்கள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டேன்.

பத்தாம் மாதம் ஐந்தரை சென்டிமீட்டர்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வகுப்புப் பாடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. தூங்குகிற செல்லைக் கொண்டு காட்டினால் உடம்பு அதைத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டி மெதுவாக வளர்ந்ததற்கு அவன் உடம்பே அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் காவலையும் மாதம் ஒரு ஊசியாகப் போட்டு நான் கலைத்துக்கொண்டிருந்தேன். நிச்சயமாக அப்படித்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் வேறு யாராவது இப்படிச் செய்து எனக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், நான் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, டி செல்களெல்லாம் கட்டிக்குள் புகுந்து சண்டை போடுகின்றன, அதனால்தான் வீங்கித் தெரிகிறது என்றேன். அப்படியும் சிலருக்கு நடப்பதுண்டு, முழுப் பொய் இல்லை. அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டு, சண்டை நடக்கிறதாம், நல்ல சகுனமாம் என்று சொன்னான். நான் அவன் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் மாதம் இருமல் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நுரையீரலில் ஏழு புள்ளிகள். அதற்கப்புறம் அவனுக்கு நான் செல்களைப் போடவில்லை. மனசு கேட்காமல் நிறுத்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிலையில் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் கண்டால் அவனை வேறு வார்டில் சேர்ப்பார்கள். வேறு டாக்டர் படத்தையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்ப்பார். அதனால் வெறும் உப்புநீரைப் போட்டேன். ஐந்து மாதம், ஐந்து ஊசி. சீசாவில் அவன் எண்ணை ஒட்டி, நோட்டில் செல் எண்ணிக்கை எழுதி, எல்லாம் முறைப்படி. பஞ்சால் அழுத்திப் பிடிக்கும்போது, இப்போதெல்லாம் வலிக்கவே இல்லை, கைராசி வந்துவிட்டது உனக்கு என்று சொன்னான்.

ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டான். சாயங்காலம், அவன் வீட்டில், கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தான். மனைவி சமையலறையில் இருந்தாள். மகள் அடுத்த அறையில் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேலை செய்யலன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன்கிட்ட அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு நான் பொய் சொல்றதில்ல. ரெண்டு மணி நேரம் ஆகும்னா ஆகும்னு சொல்லிடுவேன். தெரிஞ்சுட்டா ஆளு பயப்படமாட்டான். தெரியலன்னாதான் கதவ உடைப்பான்."

அவன் கை என் கைமேல் இருந்தது. எலும்பு தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் யாரிடமும் சொல்ல மாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். சாகக் கிடக்கிறவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமில்லை, அந்தப் பார்வையைப் பார்க்கத்தான் பயம்.

"வேலை செய்யுதுடா" என்றேன்.

தலையை ஆட்டினான். அப்புறம், "நீ ஒழுங்கா தூங்கறியா இல்லையா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்றான்.

அடுத்த மாதம் போய்விட்டான்.

இருபதாம் நாள் அவன் மனைவி என் அறைக்கு வந்தாள். கையில் அதே துணிப்பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அழவும் இல்லை. முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை எல்லாவற்றையும் அந்தச் சர்ஜனிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

"இவருக்கு இதயக் கோளாறுன்னு யாரு சொன்னதுன்னு அந்த டாக்டர் கேட்டார், அண்ணி. நான் பதில் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க."

படிவத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் என் முகத்தைப் பார்த்தாளே, அதே மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தேன், மூடினேன். அவள் போய்விட்டாள். கீழ்த்தளம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே எட்டு மணி அவளை நிறுத்தி, யார், என்ன என்று விசாரித்திருக்கிறார். ஏழு வருஷமாகச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்திருந்த நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். அந்த நோட்டுதான் இப்போது உங்கள் மேசையில் இருப்பது. கையெழுத்து அழகாக இருக்கிறது, இல்லையா?

எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். முறை பொய் என்று தெரிந்தே நோயாளிகளிடம் போட்டேன். எட்டு மணியைப் பற்றி எழுதியது பொய். தம்பியின் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. நாலு நாள் படுக்கையில் பிழைத்திருக்க வேண்டியவனை நான்தான் பிழைக்கவிடவில்லை. பதின்மூன்று தடவை தூங்குகிற செல்களைப் போட்டேன், ஐந்து தடவை உப்புநீரைப் போட்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. பயந்து பயந்துதான் செய்தேன். பயந்து செய்ததால் குற்றம் குறையுமா என்று கேட்டால், அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் வரைவு அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்து அட்டவணையில் என் தம்பிக்கு நேரே 'பலன் இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. மற்ற பதினேழு பேரும் முதல் ஊசிக்குப் பிறகு சராசரியாகப் பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார்கள். என் தம்பி பத்தொன்பது மாதம் இருந்தான். ஐந்து மாதம் கூடுதல். அது என் ஊசியால் வந்தது. மற்றதெல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும், அந்த ஒரு இடத்தை மட்டும் திருத்திவிடுங்கள்.